கரம் போட்டில் பின்போல் மேசை செய்தேன். இதையே தொழிலாக எடுக்க வழி இருக்கிறதா?

ஓலைக்காற்றாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கொக்குவில். உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் எடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன்.

வீட்டில் சும்மா இருந்த நாட்களில், மாமா வீட்டு அறையில் சாத்தி வைத்திருந்த பழைய கரம் போட்டை எடுத்து வந்து ஒரு பின்போல் மேசை செய்தேன். சரிந்த பலகையில் உருண்டு வரும் போளையைக் கீழே விழவிடாமல் அடித்து ஆடுகிற விளையாட்டு அது. நேரில் அப்படி ஒரு மெசினைக் கண்டதே இல்லை, யூடியூபில் பார்த்ததுதான். மேல்பக்கத்துக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்தேன், நாலரை அங்குல உயரம். போளைக்குப் பழைய பெயரிங்கில் கழற்றிய ஒரு அங்குல உருக்குக் குண்டு. சுற்றிவர சைக்கிள் டியூப் வெட்டி இழுத்துக் கட்டினேன். கீழே போளையை அடிக்கிற துடுப்பு மாதிரியான இரண்டு பிளிப்பருக்கும் கார் கதவுப் பூட்டில் இருக்கும் சின்ன மோட்டர், 12 வோல்ற் பற்றறி.

இரண்டு சிக்கல். பட்டனை அழுத்திப் பிடித்தால் மோட்டர் சூடாகி மணக்கிறது, ஒன்று கருகியே போய்விட்டது. மற்றது, என் தம்பி ஆசையாக வந்து இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு “இது சரியில்லை அக்கா” என்று போனவன் திரும்பி வரவே இல்லை. என்ன சரியில்லை என்று கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

உண்மையான கேள்வி வேறு. பின்போல், காசு போட்டு ஆடும் ஆர்கேட் மெசின், விளையாட்டுச் சாமான் இதையெல்லாம் வடிவமைப்பதையே வேலையாகச் செய்கிறவர்கள் எங்கே, எப்படிச் சேர்கிறார்கள்? என்ன படிக்க வேண்டும்? அம்மா “விளையாட்டுச் சாமான் செய்யவோ இவ்வளவு காசு கட்டி ரியூசன் அனுப்பினனான்?” என்று கேட்கிறா. பதில் சொல்ல எனக்கு ஏதாவது வேண்டும்.

*

மதவடி மன்னன் எழுதியது:

தம்பி, பின்போல் அப்பப்பா காலத்துச் சாமான். மொபைல் கேம் செய்யப் பழகு. கேம் செய்யும் மென்பொருள் யூனிற்றி, கோடோ இரண்டும் காசில்லாமல் இறக்கலாம். ஒரு மடிக்கணினி போதும், செங்கல் தேவையில்லை, மோட்டரும் கருகாது. அம்மாவுக்கும் “சொஃப்ட்வெயர்” என்று ஒரு சொல் கிடைக்கும், பிரச்சினை தீர்ந்தது.

*

ஓலைக்காற்றாடி எழுதியது:

நான் தம்பி இல்லை, தங்கச்சி. மொபைல் கேம் இரண்டு செய்து பார்த்தேன். கையில் ஒன்றும் இடிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

*

டைனமோ எழுதியது:

தங்கச்சி, “கையில் ஒன்றும் இடிக்கவில்லை” என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இரவு பத்தரைக்கு இருந்து இதைத் தட்டுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வல்வெட்டித்துறை. கனடாவில் இருபது வருடத்துக்கு மேல் ஆர்கேட் மெசின் திருத்தி, அப்புறம் அதே துறையில் வடிவமைப்புப் பக்கமும் கொஞ்சக் காலம் நின்றுவிட்டு, இப்போது ஊரோடு வந்துவிட்டேன். பெயருக்குக் காரணம் இருக்கிறது.

1992. எனக்குப் பதினான்கு வயது. குடாநாட்டில் கரண்ட் இல்லை, ரோச் பற்றறி தடைசெய்த சாமான். ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்பார்கள். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நானும் கூட்டாளியும் ஒரு விளையாட்டு செய்தோம். வளைந்து வளைந்து போகும் ஒரு கம்பி, அதில் ஒரு வளையம். கம்பியில் முட்டாமல் வளையத்தை மறுகரைக்குக் கொண்டுபோக வேண்டும், முட்டினால் பல்ப் எரியும். பற்றறிக்கு எங்கே போவது? கூட்டாளி பின்னால் இருந்து சைக்கிள் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ பல்புக்குக் கரண்ட் கொடுத்தது.

காலையில் சனம் வரிசையில் நின்றது. பத்து மணி தாண்ட ஒருவரும் இல்லை. ஏனென்றால் கூட்டாளி தனக்குப் பிடித்தவன் விளையாட வந்தால் சுற்றுவதை நிறுத்திவிடுவான். முட்டினாலும் பல்ப் எரியாது. பிடிக்காதவன் வந்தால் உயிரைக் கொடுத்துச் சுற்றுவான். ஒரு சின்னப் பெடியன் கண்டுபிடித்து “இது அளாப்பி விளையாட்டு” என்று கத்தினான். அவ்வளவுதான், அன்றைக்குக் கடை பூட்டு.

பிறகு என் தொழில் முழுக்க அந்தப் பெடியன் சொன்ன ஒரு சொல்லைச் சுற்றித்தான் போனது. தோற்பதில் யாருக்கும் கோபம் இல்லை. தோற்றது தன் கையால்தான் என்று தெரிந்தால் அடுத்த காசைப் போடுவான். மெசின் அளாப்பியது என்று ஒரு தரம் பட்டுவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவான், உங்கள் தம்பி போன மாதிரி. சரியில்லை என்று அவன் கைக்குத் தெரிந்திருக்கிறது, வாய்க்குத்தான் வரவில்லை.

1997இல் ரொறன்ரோ போனேன். பந்துருட்டு மண்டபம், சினிமாத் தியேட்டர் போன்ற இடங்களில் மெசின் வைத்துக் காசு எடுக்கும் ஒரு கொம்பனியில் வேலை. வேனில் சோல்டரிங் அயன், றப்பர் வளையம், பல்ப், பியூஸ். முதல் வருடத்தில் தெரிந்துகொண்டது: ஒரு பிளிப்பர் கொஞ்சம் சோர்ந்தால் அந்த மெசினின் வாரக் காசு விழும், ஆனால் ஒருவரும் முறைப்பாடு சொல்லமாட்டார்கள். ஒரு சின்னத் தொடுசுவிச்சில் கரி பிடித்திருக்கும். அரத்தாளால் இரண்டு இழுப்பு, மெசின் உயிர்த்துவிடும். பின்போலை நான் படித்த பள்ளிக்கூடம் அந்த வேன்தான்.

பொம்மை தூக்கும் கிரேன் மெசினும் என் பொறுப்பில் இருந்தது. அதன் நகம் எப்போதும் ஒரே பலத்தில் பிடிப்பதில்லை தங்கச்சி. எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று உள்ளே அமைத்துவைக்கலாம். மேலாளர் ஒருவர் அந்த எண்ணிக்கையைக் கூட்டு கூட்டு என்றே நிற்பார். ஒரு தகப்பன் பிள்ளையோடு நின்று காசுக்கு மேல் காசு போடுவதைப் பார்த்துக்கொண்டு மற்ற மெசினில் பல்ப் மாற்றியிருக்கிறேன். அது பெடலைச் சுற்றாமல் விட்ட என் கூட்டாளியின் வேலைதான், ஆனால் சம்பளத்தோடு. அதிலிருந்துதான் வேறு இடம் தேடினேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எப்படிச் சேர்கிறார்கள்? அந்தக் காலத்தில் பெரும்பாலும் வேறு வாசலால் வந்தவர்கள்தான்.

ஸ்டீவ் கோர்டெக் என்று ஒருவர். 1937இல் சிக்காகோவில் மழைக்கு ஒதுங்க ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தார். அது ஜென்கோ என்ற பின்போல் கொம்பனி. வேலை வேண்டுமா என்று கேட்டார்கள். மெசினுக்குள் வயர்களை ஈயத்தால் ஒட்டுகிற வேலையில் தொடங்கினார். 1947இல் கொட்லீப் கொம்பனிதான் ஹம்ப்டி டம்ப்டி என்ற மெசினில் முதல் முதல் பிளிப்பர் போட்டது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு. அடுத்த வருடம் கோர்டெக் தன் மெசினான ட்ரிபிள் அக்‌ஷனில் இரண்டே இரண்டை எடுத்து, அடியில், போளை விழப்போகும் வாசலில் வைத்தார். இன்றைக்கும் அதே இடம்தான், உங்கள் கரம் போட்டிலும் அதே இடம்தான். 2012இல் நூறு வயதில் இறந்தார். மழை பெய்யாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

ஸ்டீவ் ரிச்சி அட்டாரி என்ற விளையாட்டு மெசின் கொம்பனியில் தொழிற்சாலை வரிசையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு பின்போல் வரைந்தவர். 1980இல் பிளாக் நைட், 1986இல் ஹை ஸ்பீட். யூஜின் ஜார்விஸ் அட்டாரியில் பின்போலுக்கு மென்பொருள் எழுதிவிட்டுத்தான் வில்லியம்ஸ் கொம்பனியில் டிஃபெண்டர் என்ற திரை விளையாட்டைச் செய்தார். ஜப்பானில் டோரு இவாதானி பின்போல் செய்யும் ஆசையில் நம்கோ கொம்பனியில் சேர்ந்தார். அங்கே திரை விளையாட்டுதான் செய்யலாம் என்றதால் 1978இல் திரைக்குள் ஓடும் ஒரு பின்போலைச் செய்தார், ஜீ பீ என்று. இரண்டு வருடம் கழித்து அவர் கையில் வந்தது பக்-மான்.

எனக்கு இவர்களில் நெருக்கமானவர் குன்பெய் யோகோய். மின்னணுப் படிப்பு முடித்து 1965இல் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டு அச்சிடும் கொம்பனி. இவருக்கு மெசின் பராமரிக்கும் வேலை. பொழுது போகாமல் கத்தரி மாதிரி விரிந்து நீண்டு பிடிக்கும் ஒரு கை செய்து விளையாடிக்கொண்டிருந்ததை முதலாளி கண்டுவிட்டார். ஏச்சு விழும் என்று நின்றவரிடம், இதையே விற்பனைக்குச் செய் என்றார். 1966இல் அல்ட்ரா ஹான்ட், பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. பிறகு ரயிலில் ஒருவர் கல்குலேட்டரை நோண்டிக்கொண்டு பொழுதுபோக்கியதைப் பார்த்து 1980இல் கேம் அன்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டு. 1989இல் கேம் போய். புதுசாக வந்த விலை கூடிய சாமானை அவர் தேடிப்போகவில்லை. எல்லோரும் பழகி, மலிந்து, விலை விழுந்த பாகத்தை எடுத்து அதற்கு யாரும் நினைக்காத வேலை கொடுப்பதுதான் அவர் வழி. யாழ்ப்பாணத்தில் டைனமோவில் றேடியோ கேட்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அம்மாவுக்குச் சொல்வதற்கு முன் உண்மையையும் கேளுங்கள். முழுநேரமாகப் பின்போல் வரைகிறவர்கள் உலகத்திலேயே ஒரு வகுப்பறைக்குள் அடங்குவார்கள். 1999இல் வில்லியம்ஸ் பின்போலை மூடியபோது சிக்காகோ பக்கத்தில் ஸ்டேர்ன் ஒன்றுதான் பெரிய அளவில் மிஞ்சியது. பிறகு ஜேர்சி ஜக் போன்ற சில புதிய கொம்பனிகள் வந்தன. கதவு அவ்வளவு சின்னது. ஆனால் ஒரு மெசினில் பாகங்களே ஆயிரக்கணக்கில் இருக்கும். வரைகிறவரோடு பொறிமுறை பார்க்கிறவர், விதி எழுதும் மென்பொருள் ஆள், ஓவியர், ஒலி செய்கிறவர், பரிசோதிக்கிறவர் என்று ஒரு கூட்டமே வேலை செய்யும். அதில் எங்காவது ஒரு இடத்தில் கை பதித்தால் நகரலாம். நான் பரிசோதிக்கிறவனாகத்தான் உள்ளே போனேன். வென்றால் ரிக்கெற் கொடுக்கும் மெசின் இரண்டில் என் யோசனை இருக்கிறது. பெயர் இல்லை, அது வேறு கதை.

இனி உங்கள் மேசை. முதலாவது, கரம் போட் சதுரம், ஆட்டப்பரப்பு 29 அங்குலம். பின்போல் ஆட்டப்பலகை 42 அங்குல நீளம், 20 அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம். 29 அங்குலத்தில் போளை மேலே போனதும் திரும்பி வந்துவிடும், யோசிக்க இடமில்லை. இரண்டாவது, நாலரை அங்குலச் செங்கல் 29 அங்குலத்துக்கு ஏறத்தாழ 9 பாகைச் சரிவு. வழக்கம் ஆறரை பாகை. இந்த இரண்டும் சேர்ந்து உங்கள் தம்பியை அளாப்பியிருக்கிறது. அவன் கண் கண்டு கை அசைவதற்குள் போளை உள்ளே போய்விட்டது. 42 அங்குலப் பிளைவூட் வெட்டி நாலே முக்கால் அங்குலம் உயர்த்துங்கள். சரியாக ஆறரைக்கு வரும்.

பட்டம் ஏற்றியிருப்பீர்கள்தானே? முச்சை ஒரு விரல் பிசகினாலும் பட்டம் குத்தும். குத்தினால் இறக்கி, முச்சையை இளக்கிக் கட்டி, திரும்ப ஏற்றுவோம். பொங்கலுக்கு எங்கள் கடற்கரையில் ஏறும் பட்டங்களுக்குப் பின்னால் இருப்பது அப்படிக் கட்டிக் கட்டி அவிழ்த்த நாட்கள்தான். பலகையும் அப்படித்தான். அதனால் பெயின்ற் அடிக்காதீர்கள். படம் ஒன்றும் ஏறாத வெறும் பலகையை இந்தத் தொழிலில் வைட்வுட் என்பார்கள். அதில்தான் ஆணி இடம் மாறும், ஓட்டை அடைபடும், திரும்பத் துளைபடும். அழகு கடைசியில்.

மோட்டர். கதவுப் பூட்டு மோட்டர் அரைச் செக்கன் ஓடி நிற்கச் செய்தது. பிடித்துவைத்தால் கருகத்தான் செய்யும். உள்ளே பல்சக்கரம் வேறு, அதனால் பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் அடிக்கும். அந்தக் கணமும் அளாப்பிதான். உண்மையான பிளிப்பரில் இருப்பது சொலனொயிட் சுருள், கரண்ட் போனதும் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும் கம்பிச்சுருள். ஒரே சுருளில் இரண்டு சுற்று. கனத்த கம்பிச் சுற்று நாலு ஓம் அளவு, அடிப்பதற்கு. மெல்லிய கம்பிச் சுற்று நூறு ஓமுக்கு மேல், பிடித்துவைப்பதற்கு. பிளிப்பர் மேலே போய் முட்டும்போது ஒரு சுவிச் திறந்து கனத்த சுற்றை வெட்டிவிடும். பிறகு எவ்வளவு நேரம் பிடித்தாலும் மெல்லிய சுற்றில் கொஞ்சக் கரண்ட்தான் ஓடும், சூடு இல்லை. நான் அரத்தாளால் தேய்த்தேன் என்றேனே, அந்தச் சுவிச்தான். தோட்டத்துத் தண்ணீர் மோட்டர் சுற்றிக் கொடுக்கும் கடை ஒன்றில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், சுற்றித் தருவார்கள். மெசினில் 50 வோல்ற் அளவில் கொடுப்பார்கள், நீங்கள் 24 உடன் தொடங்குங்கள். சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோட் மறக்க வேண்டாம்.

*

மதவடி மன்னன் எழுதியது:

டைனமோ அண்ணா, நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நல்லூர்த் திருவிழா நேரம் கிரேன் மெசினில் நான் விட்ட காசை யாரிடம் கேட்பது?

*

பாவைப்பிள்ளை எழுதியது:

தங்கச்சி, நான் கொழும்பில் மரப் பொம்மை ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் வடிவமைப்பாளர். சொந்த ஊர் சாவகச்சேரி. டைனமோ அண்ணா எழுதியது பெரிய மெசின் உலகம். பொம்மைப் பக்கத்தில் கதவு கொஞ்சம் அகலம்.

படிப்பு என்று கேட்டீர்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது, தனியாக ஒரு திறன் பரீட்சை வைப்பார்கள். எந்தப் பிரிவில் இருந்து விண்ணப்பிக்கலாம் என்பதை இந்த வருடப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் பாருங்கள். உங்கள் பிரிவுக்கு நேரடியாகக் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடமும் இருக்கிறது. அம்மாவிடம் “விளையாட்டுச் சாமான்” என்று தொடங்காமல் அங்கிருந்து தொடங்குங்கள்.

எங்கள் வேலையில் பாதி அழகு இல்லை, பாதுகாப்பு. மேசையில் எப்போதும் ஒரு சின்னக் குழாய் இருக்கும், உள்விட்டம் 31.7 மில்லிமீற்றர், குழந்தையின் தொண்டை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குக் கீழே போகும் பொம்மையில் எந்தப் பாகமும் அதற்குள் அடங்கக்கூடாது. உங்கள் ஒரு அங்குலக் குண்டு அழகாக உள்ளே விழும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆட்டம் முடிய எடுத்துப் பூட்டிவையுங்கள்.

இன்னொன்று, யோசனையை எப்படி விற்பது என்பது. மூக்கில் பல்ப் எரியும் ஒப்பரேஷன் விளையாட்டு தெரியும்தானே, இடுக்கியால் எடுக்கும்போது விளிம்பில் முட்டினால் சத்தம் போடும். டைனமோ அண்ணாவின் வளையமும் கம்பியும் அதே சுற்றுதான். அதைக் கண்டுபிடித்த ஜோன் ஸ்பினெல்லோ அப்போது மாணவர். சிக்காகோவின் மார்வின் கிளாஸ் பொம்மைக் கொம்பனிக்கு 500 டொலருக்குக் கொடுத்துவிட்டார். 1965இல் கடைக்கு வந்தது, இன்றும் விற்கிறது, அவருக்கு அதற்கு மேல் உரிமைத்தொகை கிடையாது. விற்பனையில் ஒரு சதவீதம் என்று பேசும் வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது, பலரும் 5 சதவீத அளவில் பேசுவார்கள். இங்கே 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கைத்தொழில் வடிவத்தை, அதாவது பொருளின் தோற்றத்தை, பதியலாம். 5 வருடம், இரண்டு தரம் புதுப்பித்தால் மொத்தம் 15. படத்தை இணையத்தில் போடுவதற்கு முன் பதிவைப் பற்றி யோசியுங்கள். பேஸ்புக்கில் ஏற்கெனவே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

*

ஓலைக்காற்றாடி எழுதியது:

போட்டுவிட்டேன் அக்கா. நாற்பது லைக்.

மூன்று கிழமை எடுத்தது. மாமாவின் கரம் போட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு, 42 அங்குலப் பிளைவூட் வெட்டினேன். கோண்டாவிலில் மோட்டர் சுற்றும் ஐயா முதலில் சிரித்தார், பிறகு ஓம் கணக்கைக் கேட்டதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். இரண்டு சுருளுக்கும் கம்பிக் காசு மட்டும்தான் எடுத்தார். “வேலை செய்தால் கொண்டுவந்து காட்டு” என்றார்.

வேலை செய்கிறது. தம்பி நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை விடவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறான்: “அக்கா, வலப்பக்கம் நல்லம். இடப்பக்கம் அளாப்புது.” நான் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் அடிக்கிறது. இரண்டும் ஒரே ஐயா ஒரே நாளில் சுற்றியது. இவன் தோற்கிற கோபத்தில் சொல்கிறானா தெரியவில்லை.

*

டைனமோ எழுதியது:

அவனை நம்புங்கள். பவர் சப்ளை எந்தப் பக்கம் வைத்திருக்கிறீர்கள்? இடப்பக்கச் சுருளுக்குப் போகும் வயர் எவ்வளவு நீளம், என்ன தடிப்பு?

*

ஓலைக்காற்றாடி எழுதியது:

வலப்பக்க மூலையில். வயர் முடிந்துவிட்டது என்று இடப்பக்கத்துக்கு மட்டும் பழைய ஸ்பீக்கர் வயரைச் சுற்றி வளைத்து இழுத்தேன். மெல்லிசு. ஐந்தடி வரும்.

*

டைனமோ எழுதியது:

அடிக்கிற கணத்தில் பல அம்பியர் போகும், அந்த வயரிலேயே வோல்ற் விழுந்துவிடும். கனத்த வயர் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே நீளமாக வெட்டுங்கள். தம்பிக்கு என்ன வயது?

*

ஓலைக்காற்றாடி எழுதியது:

ஒன்பது. நாளைக்கு வயர் வாங்கப் போகிறேன். அம்மா இரண்டு ஆட்டம் ஆடினா, யாருக்கும் சொல்லாதே என்றா.